மூச்சும் மின்னும்

மின்விசையாற் பிறக்கும் ஒலி இசையாகுமா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. ஆசிரியர் ஓய்வறைகளில் எழுகின்றது. கலைவிழா முடிந்து கலைந்து செல்வோர் நடுவே எழுகின்றது. கவிதையைப் பற்றிப் பேசத் தொடங்கிய இலக்கிய வட்டத்தினர் இசைக்கு வந்து இவ்வினாவில் முட்டி நிற்பதையும் காண்கின்றோம். ஒருசாரார், "இயந்திரத்துக்கு உயிரில்லை, உயிரில்லாதது பாடாது" என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடுவர். மற்றொரு சாரார், "காலம் மாறிவிட்டது, வீணையும் குழலும் நூதனசாலைக்கு உரியவை" என்று அதே விரைவிலே தீர்ப்புக் கூறுவர். இரு சாராரும் கருவியைப் பற்றியே பேசுகின்றனர். கேட்ட இசை யாது, அது தம்மை என் செய்தது என்று சொல்வார் மிகச் சிலரே.

இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் என்பது நம் மரபு. ஆதலால் இவ்வழக்கைப் பொதுப்படப் பேசாது, ஓர் இசைத்தட்டை முன்வைத்துப் பேச விரும்புகின்றேன். 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த 'புறொமிசஸ்' என்பதே அத்தட்டு. 'வாக்குறுதிகள்' என்பது அப்பெயரின் பொருள். நியூயோர்க்கில் உள்ள லுவாக்கா பொப் என்னும் வெளியீட்டகம் அதனை வெளியிட்டது. 46 நிமிட அளவில், 9 பகுதிகளாக, ஒன்றோடொன்று தொடர்ந்தோடும் ஒரே ஆக்கம் அது.

அதனை ஆக்கியோர் இரு மனிதரும் ஓர் இசைக்குழுவும் ஆவர். முதல்வர் ஃபேரோ சாண்டர்ஸ். ஐக்கிய அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து லிற்றில் றொக் நகரில் 1940 இற் பிறந்த கறுப்பினக் கலைஞர். ஜாஸ் இசையிற் சக்சபோன் வாசித்துப் பெரும்புகழ் பெற்றவர். இரண்டாமவர் சாம் ஷெப்பேட். இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் 1986 இற் பிறந்தவர். இளமையில் அந்நகரப் பேராலயத்துப் பாடகர் குழுவிற் பாடியவர். பின்னர் இலண்டனில் நரம்பறிவியல் கற்று முனைவர் பட்டம் பெற்றவர். 'ஃபுளோட்டிங் பொயின்ற்ஸ்' என்னும் புனைபெயரில் மின்னிசை ஆக்குபவர். மூன்றாவது, 1904 இல் நிறுவப்பெற்ற இலண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தந்தி வாத்தியப் பிரிவினர்.

முதியவரும் இளையவரும் கூடியது 2019 ஆம் ஆண்டுக் கோடையில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில். அப்பொழுது சாண்டர்சுக்கு வயது 78. ஷெப்பேட்டோ முப்பதின் தொடக்கத்தில் இருந்தவர். ஷெப்பேட் 2015 இல் வெளியிட்ட முதற் பெருந்தட்டைக் கேட்டு விரும்பிய முதியவரே இக்கூட்டுக்கு இசைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இளையவர் முதியவரைத் தேடிச் செல்லுதல் உலக வழக்கு. முதியவர் இளையவரின் புதுமையைக் கேட்டு, "இவனோடு வாசிப்பேன்" என்று முன்வருதல் அரிது. நம்மிற் பெரியோர் பலர் இவ்விடத்திற் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நன்று.

கருவிகளின் வயது

இவ்வாக்கத்திற் கேட்கும் கருவிகளை வயது வரிசையில் நிறுத்திப் பார்ப்போம். தந்தியைச் சிறு முள்ளொன்றாற் கொத்தி ஒலியெழுப்பும் ஹார்ப்சிகோட், ஐரோப்பாவிற் பியானோவுக்கும் முற்பட்டது. வயலின் பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியக் கைவினைஞரிடத்தில் உருப்பெற்றது. சக்சபோன் மிக இளையது. அடோல்ஃப் சக்ஸ் என்னும் பெல்ஜியக் கைவினைஞர் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றது 1846 இல். உலோகத் தகடுகளைச் சிறு சுத்தியல்களால் தட்டிச் சிறுமணிபோல் ஒலிக்கும் செலெஸ்ரா 1886 இற் பாரிசிற் பிறந்தது. ஹமண்ட் என்பாரின் மின் ஓகன் 1930களில் வந்தது. மின்னதிர்வையே மூலமாகக் கொண்டு ஒலியைத் தொகுக்கும் 'சிந்தசைசர்' என்னும் கருவியை 1960களில் நியூயோர்க் மாநிலத்தில் றொபேட் மூக்கும், கலிபோர்னியாவில் டொன் புக்லாவும் தனித்தனியே ஆக்கினர். அவ்விருவருள் புக்லா, பியானோவின் விசைப்பலகையைப் புதுக்கருவியிற் பொருத்தினால் பழைய பாட்டே அதிற் பிறக்கும் என்று எண்ணி, விரலின் தொடுகையை உணரும் தகடுகளை அதற்கு அமைத்தார். அவர் பெயர் தாங்கிய கருவியொன்றும் இத்தட்டில் ஒலிக்கின்றது.

இவ்வரிசையில் எவ்விடத்திற் கோடு கிழித்து, "இதுவரை இயற்கை, இதற்கப்பால் செயற்கை" என்று கூறுவது? நாணற் சீவாளியும் பித்தளைக் குழாயும் திறப்பும் மூடியுமாகப் பற்பல நெம்புகோல்கள் பூட்டிய சக்சபோன், தன் காலத்தில் ஓர் இயந்திரமாகவே தோன்றியது. இன்று அதனை மரபுக் கருவி என்கின்றோம். கர்நாடக இசைக்கு வயலின் வந்த வரலாறும் இத்தகையதே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டாரிடம் பயின்ற அக்கருவி இன்றி இன்று நம் வாய்ப்பாட்டு அரங்கு இல்லை. அதே சக்சபோனில் கத்ரி கோபால்நாத் இராக ஆலாபனை செய்ததை நம்மிற் பலர் கேட்டு மகிழ்ந்துள்ளோம். அகில இந்திய வானொலி 1940 இல் ஹார்மோனியத்தை விலக்கியது. அவ்விலக்கு 1971 வரை நீடித்தது. அவ்வளவு காலமும் அக்கருவி கோயிலிலும் கூத்திலும் வீட்டிலும் ஒலித்துக்கொண்டேயிருந்தது. ஆணைகளாற் கருவிகள் இறப்பதில்லை.

ஒலியின் தோற்றத்தை ஆராய்ந்தாலும் இக்கோடு நிலைபெறாது. மின்சுற்றொன்றில் அழுத்தம் வினாடிக்கு 440 முறை ஏறியிறங்குமாயின், ஒலிபெருக்கியின் தகடு அத்தனை முறை அதிர, நம் செவியில் ஒரு சுரம் விழுகின்றது. குழலிற் காற்று அதிர்கின்றது; நாகசுவரத்திற் சீவாளி அதிர்கின்றது; வீணையில் தந்தி அதிர்கின்றது; இங்கே மின்னழுத்தம் அதிர்கின்றது. அதிர்வென்ற வகையில் யாவும் ஒன்றே.

ஆயின் வேறுபாடே இல்லையா? உண்டு, பெரிதும் உண்டு. மூச்சுக்கு முடிவுண்டு. எத்துணைப் பெரிய வித்துவானும் ஒரு கட்டத்தில் மூச்செடுத்தே ஆகவேண்டும். மின்னுக்கோ, இணைப்பைத் துண்டிக்கும் வரை, களைப்பில்லை. முடிவுள்ளதும் முடிவில்லாததும் ஓரரங்கில் அமர்ந்தால், முடிவில்லாதது மற்றதை விழுங்கிவிடுதல் எளிது. புறொமிசஸ் தட்டின் பெருமை, அங்ஙனம் விழுங்காமையிலேயே அடங்கியிருக்கின்றது.

ஏழு சுரக் கோவை

தட்டு தொடங்கியதும் ஏழு சுரங்களால் ஆன ஒரு சிறு கோவை கேட்கின்றது. ஹார்ப்சிகோட்டும் பியானோவும் செலெஸ்ராவும் மின்கருவிகளும் ஒன்றாய்க் கலந்த ஒலி அது. எது தந்தி, எது தகடு, எது மின் என்று பிரித்தறிதல் அரிது. கோவை முடிந்ததும் சிறிது மௌனம். மீண்டும் அதே கோவை. மீண்டும் மௌனம். ஏறக்குறைய ஆக்கத்தின் இறுதி அண்மிக்கும் வரை இக்கோவை வந்துகொண்டே இருக்கின்றது. அது விரைவதில்லை; தன் திறமையைக் காட்ட வேறோரிடத்துக்குத் தாவுவதுமில்லை.

அம்மௌனங்களிலே சாண்டர்ஸ் தம் சக்சபோனை எடுத்து வருகின்றார். முதலில் இரண்டு மூன்று சுரங்கள். பின்னர் ஒரு நீண்ட சுரம். பின்னர், கேட்டவற்றைத் தமக்குள் எண்ணிப் பார்ப்பவர்போல் ஓர் ஓய்வு. ஊதுவாய்க்குள் மூச்சு நுழையும் சிற்றொலியும், திறப்புகள் மூடித் திறக்கும் மெல்லொலியும் பதிவிலே தெளிவாய்க் கேட்கின்றன. நான்காம் பகுதியில் கருவியை விடுத்து, சொல்லின்றி வாயால் முணுமுணுக்கின்றார். தொட்டிலருகில் இருக்கும் பாட்டனார் ஒருவரின் குரல்போல் அது நம் செவிக்குப் படுகின்றது. ஏழாம் பகுதியில் மின்னொலிகள் சுழன்றெழ, சக்சபோனும் உரத்த குரலெடுத்து அவற்றோடு பொருதுகின்றது. எட்டாம் பகுதியில் ஓகனின் நெடிய சுரங்கள் பரவி ஓய்கின்றன. யாவும் அடங்கிற்று என்று நாம் எண்ணும்போது, ஒன்பதாம் பகுதியிலே தந்தி வாத்தியங்கள் மட்டும் சிறிது நேரம் குமுறி எழுந்து மறைகின்றன.

இளமையில் இச்சாண்டர்ஸ் எவ்வாறு வாசித்தார் என்பதை அறிந்தோர்க்கே இவ்வடக்கத்தின் அருமை புலனாகும். 1965 முதல் ஜோன் கொல்ற்றேன் என்னும் பெருங்கலைஞரோடு சேர்ந்து அவர் வாசித்தவை இடியும் புயலுமாய் இருந்தன. சக்சபோன் அவர் கையில் அலறியது, கதறியது, சுரத்தின் எல்லையைக் கடந்து வெறுங்குரலாயிற்று. 1967 இல் கொல்ற்றேன் மறைந்தபின், 1969 இற் சாண்டர்ஸ் வெளியிட்ட 'கர்மா' என்னும் தட்டில் ஓர் ஆக்கம் அரை மணிக்கு மேல் நீளுகின்றது. அத்தகைய ஆற்றலாளர் எண்பதை அண்மித்த வயதிற் பத்துச் சுரங்கள் வாசிக்கக்கூடிய இடத்தில் இரண்டை வாசிக்கின்றார். சொற்சுருக்கம் முதுமையின் இயலாமையாலும் வரலாம், முதிர்ச்சியாலும் வரலாம். எதனால் வந்தது என்பதை, எஞ்சிய சொல்லின் கனத்தைக் கொண்டே அறியவேண்டும். இங்கே எஞ்சியவை கனமுடையவை.

தம்புராவின் தொழில்

இவ்விடத்தில் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. 1971 இல், ஜோன் கொல்ற்றேனின் மனைவியார் அலிஸ் கொல்ற்றேன் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' என்னும் தட்டை வெளியிட்டார். அதில் அம்மையார் ஹாப் என்னும் மேனாட்டு யாழை மீட்ட, சக்சபோன் வாசித்தவர் இச்சாண்டர்சே. அத்தட்டின் பெயரில் உள்ள சச்சிதானந்தர் கோயம்புத்தூரை அடுத்த சிற்றூரொன்றில் 1914 இற் பிறந்த தமிழர். பத்தமடை தந்த சிவானந்தரின் சீடர். 1953 இல் அவர் இலங்கைக்கு அனுப்பப்பெற்று, திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் பணிபுரிந்தார். 1966 இல் மேனாடு சென்றார். நியூயோர்க்கில் அவரைக் குருவாய்க் கொண்டவர்களுள் அலிஸ் அம்மையாரும் ஒருவர். நம் நாட்டில் நீண்டகாலம் வாழ்ந்த ஒருவரின் பெயர் ஜாஸ் வரலாற்றில் நிலைபெற்றது இவ்வாறாம்.

அத்தட்டிலே இடையறாது ஒலிப்பது தம்புரா. தம்புரா பாடுவதில்லை, தாளம் போடுவதில்லை. குதிரையின்மேல் மெல்லிய நூலிட்டு 'ஜீவா' பிடித்த அதன் தந்திகள், ஒரு சுரத்துக்குள் ஒளிந்திருக்கும் பல சுரங்களை எழுப்பிக்கொண்டு, பாடுவோனுக்கு நிலமாய் விரிந்து கிடக்கின்றன. அந்நிலத்தின்மேலே சாண்டர்சின் மூச்சு 1970 இல் நடந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து அவர் வேறொரு நிலத்தில் நடக்கின்றார். அந்நிலம் ஏழு சுரக் கோவையும் மின்னொலிப் பரப்பும். தம்புரா செய்த தொழிலையே இங்கே ஷெப்பேட்டின் கருவிகள் செய்கின்றன. கோவை தம்புராவைப்போல இடையறாத ஒலியன்று என்பது உண்மையே. ஆயினும், மாறாது நின்று மாறுவதற்கு இடங்கொடுத்தல் என்னும் தொழில் இரண்டுக்கும் பொதுவாகும்.

நம் இசை வகுப்புகளில் இன்று தம்புராவைக் காண்பது அரிது. மின்னால் இயங்கும் சுருதிப்பெட்டியே பெரும்பாலும் ஒலிக்கின்றது. சிலர் கைப்பேசியிலேயே சுருதி வைத்துக்கொள்கின்றனர். மின்னிசையை இகழும் வித்துவான்களும் அந்தச் சுருதியிலேதான் சட்சமம் பிடிக்கின்றனர். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. மின்னொலியோடு மனிதக்குரல் கூடிவாழும் வழியை நாம் அறியாமலே நெடுநாளாய்க் கைக்கொண்டிருக்கின்றோம் என்பதையே சுட்டுகின்றேன்.

துணையும் பதிலியும்

இனி, என் கருத்தின் உயிர்நிலைக்கு வருகின்றேன். ஷெப்பேட்டிடம் இருந்த மின்கருவிகள், வயலின் கூட்டத்தின் ஒலியைப் போலச் செய்யவல்லவை. அத்தொழிலுக்கென்றே 1970களில் ஆக்கப்பெற்ற கருவிகளும் உள்ளன. ஒருவர் தனியறையிலிருந்து தந்தி வாத்தியக் குழு முழுவதையும் விரலாலே எழுப்பிவிடலாம். செலவும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அதுவும் 2020 ஆம் ஆண்டு. கொரோனாப் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டு, மனிதர் மனிதரை அணுக அஞ்சிய காலம். மின்னால் ஒப்பேற்றிவிட அதனினும் சிறந்த சாட்டு எவருக்குக் கிடைக்கும்?

அவர் அவ்வாறு செய்யவில்லை. அவ்வாண்டுக் கோடையில், இலண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தந்தி வாத்தியக் கலைஞர்களை, முன்னர் தேவாலயமாயிருந்த கட்டடத்தில் அமைந்த ஒலிப்பதிவுக் கூடமொன்றில், இடைவெளிவிட்டு இருக்கச் செய்து வாசிக்க வைத்தார். குதிரைமயிர் வில்லுக்கும் தந்திக்கும் இடையிலே மனிதக் கைகள் வேண்டும் என்று அவர் கருதினார். மின்னின் ஆற்றலை முற்றும் அறிந்தவர் அதன் எல்லையையும் அறிந்திருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இயந்திரம் இருவகையிற் கலைக்குள் நுழையலாம். துணையாக நுழையலாம், பதிலியாக நுழையலாம். துணையாக வருவது, தன்னால் மட்டும் இயலுவதைச் செய்து, மனிதனால் மட்டும் இயலுவதற்கு இடம் விட்டு நிற்கும். பதிலியாக வருவது, மனிதன் செய்வதைப்போலச் செய்துகாட்டி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். நம்மூர்க் கோயில்கள் சிலவற்றிற் பூசைவேளையிலே மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒலிக்கின்றன. பொத்தானை அழுத்தினால் அடிக்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். தவிலும் நாகசுவரமும் இருந்த இடம் அது. பாடசாலை விழாக்களில் கீபோட்டிலே 'நாகசுவரம்' என்று பெயரிட்ட பொத்தானை அழுத்தி மங்கல இசை வாசிப்போரையும் கண்டிருக்கின்றோம். அவ்வொலியிற் சீவாளி இல்லை, கன்னம் உப்பவில்லை, மூச்சு முடியும் இடத்தில் வரும் அந்த நெகிழ்வு இல்லை. நாகசுவரத்தின் நிழல் மட்டுமே உண்டு. எனக்குச் சினம் வருவது இங்கேயே. மின்னைக் கண்டு அன்று.

மின்னைப் பழிப்போரும் போற்றுவோரும் இவ்வேறுபாட்டைக் காணாது ஒரே குழியில் வீழ்கின்றனர். பழிப்போர் துணையையும் சேர்த்துத் துரத்துகின்றனர். போற்றுவோர் பதிலியையும் சேர்த்து வரவேற்கின்றனர். இசையரங்கிலே கருவிகள் ஒன்றையொன்று எவ்வாறு பின்பற்றி, ஒன்றற்கொன்று இடங்கொடுத்து நிற்கவேண்டும் என்பதைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. அவ்வரிசையின் பொருள், மரமா தோலா தந்தியா என்பதில் இல்லை. எது எதற்குச் செவிகொடுக்கின்றது என்பதில் உள்ளது. அந்த அளவுகோலை இவ்வமெரிக்க, ஆங்கிலேய ஆக்கத்தின்மேல் வைத்துப் பார்த்தாலும் அது பொருந்துகின்றது.

தடையும் விடையும்

"ஒரே கோவையை 46 நிமிடம் கேட்பது சலிப்பன்றோ?" என்று ஒரு தடை எழலாம். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் கற்கும் மாணாக்கர் சிலருக்கு இத்தட்டைப் போட்டுக் காட்டியபோது, அவருள் ஒருவர் இதனையே கேட்டார். முதல் ஐந்து நிமிடத்திற் சலிப்பு வருமென்பதை மறுக்கவில்லை. அதன்பின் செவி வேறோர் ஒழுங்குக்குப் பழகுகின்றது. கோவை மாறவில்லை, அதனைச் சூழ்ந்துள்ளவை மாறுகின்றன. பல்லவியொன்று ஒவ்வொரு சரணத்தின்பின்னும் திரும்பி வரும்போது, சொல் அதுவே ஆயினும் பொருள் கனத்து வருதலை நாம் அறிவோம். அவ்வறிவு உடையவனுக்கு இக்கோவை அந்நியமாகாது. விரைவாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கைப்பேசிப் பழக்கத்தில் வளரும் பிள்ளைகட்கு இப்பொறுமை ஒரு பயிற்சியுமாகும்.

"சிம்பொனிக் குழுவை அமர்த்தச் சீமையில் பணமுண்டு, எங்கள் பாடசாலையில் ஒரு வயலினுக்குத் தந்தி வாங்கவும் வழியில்லை, கீபோட்டுத்தானே கைக்கெட்டுகின்றது?" என்பது இரண்டாம் தடை. இது வறுமையின் குரல், இகழ்தற்குரியதன்று. என் விடை இதுவே: கீபோட்டைக் கீபோட்டாகவே வாசியுங்கள். அதனை நாகசுவரமாகவும் மிருதங்கமாகவும் வேடம் புனைய விடாதீர்கள். அது ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். ஒரு பிள்ளை அதன்மேற் பாடட்டும். இன்னொரு பிள்ளை மூங்கிற்குழலை ஊதட்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. புறொமிசஸ் செய்ததும் சாரத்தில் இதுவே.

"இஃது அவர்கள் இசை, நமக்கென்ன?" என்பது மூன்றாம் தடை. மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை மீட்கப் பல்லாண்டு உழைத்து, 1947 இல் 'யாழ் நூல்' அரங்கேற்றினார். அவ்வாராய்ச்சிக்கு அவர் பண்டை நூல்களோடு, தாம் கற்ற மேனாட்டுக் கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைக்கொண்டார். வெளியிலிருந்து வரும் அறிவு நம் மரபைக் கெடுக்கும் என்று அவர் அஞ்சவில்லை. யாழ் மறைந்ததும் அந்நியக் கருவியின் படையெடுப்பாலன்று. கற்பிப்போரும் கற்போரும் இல்லாதொழிந்தமையால். இவ்வுண்மை நம் நெஞ்சைச் சுடவேண்டும்.

புறொமிசஸ் தட்டிற் குறையே இல்லை என்று கூற வரவில்லை. ஆறாம் பகுதியிலே தந்தி வாத்தியங்கள் ஒருங்கு பெருகி எழும் இடம் பலராற் புகழப்பெற்றது. எனக்கோ அவ்விடம் சற்று மிகையாகத் திரைப்படத்தின் உச்சக்காட்சியை நினைவூட்டுகின்றது. அதுவரை மெல்லப் பேசியவர்கள், "இங்கே அழுங்கள்" என்று நமக்கு ஆணையிடுவதுபோல் இருக்கின்றது. அப்பெருக்கினிடையே முதியவரின் மூச்சைக் காணாது செவி தேடுகின்றது. துணையாக நின்றோர் ஒரு கணம் தலைமையைக் கைப்பற்றிக்கொண்டனர் என்பேன். எனினும், ஏழாம் பகுதியில் அவர் திரும்பி வரும்போது, அத்தேடல் வீண்போகவில்லை என்று தோன்றுகின்றது. குறையும் கூறவல்ல வாசகனே ஒரு நூலின் நண்பன், இசைக்கும் அஃதே.

எஞ்சுவது

தட்டு வெளிவந்து ஒன்றரை ஆண்டில், 2022 செப்தெம்பர் 24 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸில் ஃபேரோ சாண்டர்ஸ் காலமானார். அடுத்த ஆண்டு செப்தெம்பரில், அந்நகரத்து ஹொலிவூட் போல் என்னும் திறந்தவெளி அரங்கிலே இவ்வாக்கம் முதன்முறையாக மேடையேறியது. சக்சபோன் வாசிக்க ஷபாக்கா ஹச்சிங்ஸ் என்னும் இங்கிலாந்துக் கலைஞர் அழைக்கப்பட்டார். அந்நிகழ்ச்சி எனக்கு ஆழ்ந்த பொருளுடையதாய்த் தோன்றுகின்றது. ஏழு சுரக் கோவையை மீண்டும் எழுப்பலாம். இன்னும் நூறாண்டு கழித்தும் எழுப்பலாம். சாண்டர்சின் ஒலிப்பதிவை எடுத்து அதன்மேல் ஒட்டிவிடவும் இன்றைய இயந்திரங்களால் இயலும். அவ்வாறு செய்யாது, மூச்சின் இடத்துக்கு மற்றொரு மூச்சை அழைத்தனர். மறைந்தவரின் இடம் பதிலியால் நிரப்பப்படவில்லை. வாரிசு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மரபு என்று நாம் வாயாற் சொல்வதன் பொருளும் இதுவேயாகும்.

நம் நிலை யாது? நாகசுவரமும் தவிலும் கைவந்த முதியோர் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். நாட்டுக்கூத்தின் அண்ணாவிமார் உள்ளனர். தாலாட்டும் ஒப்பாரியும் நினைவிலே வைத்திருக்கும் மூதாட்டியர் உள்ளனர். மின்கருவியிலே விரல் ஓடும் இளைஞரும் நம் வகுப்புகளில் உள்ளனர். இவ்விரு கூட்டத்தினரும் ஒருவரை ஒருவர் கண்டு பேசுவதில்லை. இளைஞன் முதியவரின் குரலைப் பதிவுசெய்து, அதனை வெட்டி ஒட்டித் தன் தாளத்துக்கு ஊறுகாய் ஆக்கிக்கொள்வான். அன்றேல் முதியவரை முற்றும் மறந்துவிடுவான். முதியவரோ, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது" என்று திண்ணையில் இருந்து கூறுவார். இருவரையும் ஓரறையில் இருத்தி, இளையவனை நோக்கி "நீ பொறுத்திரு, இடம் விடு" என்றும், முதியவரை நோக்கி "ஐயா, இவன் நிலம் விரித்திருக்கின்றான், நீங்கள் நடந்து பாருங்கள்" என்றும் சொல்லவல்லவர் யாவர்? ஆசிரியரையன்றி வேறு எவரையும் நான் காணவில்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. மின்னிசை இசையாகுமா என்று பட்டிமன்றம் நடத்தியது போதும். வகுப்பில் ஒரு பாடவேளையை ஒதுக்கி இவ்வாக்கத்தின் முதற்பகுதியை மட்டும் மாணாக்கரைக் கேட்கச் செய்யுங்கள். கோவை ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் புதிதாய்க் கேட்டது யாதென்று அவர்கள் ஒவ்வொரு வரி எழுதட்டும். கேட்டலும் ஒரு கல்வியே என்று அவர்கள் அறிவர். அடுத்த வாரம் ஊரிலுள்ள நாகசுவர வித்துவான் ஒருவரைப் பாடசாலைக்கு அழையுங்கள். கீபோட்டு வாசிக்கும் மாணாக்கனை அவர் அருகில் இருத்துங்கள். அவர் சீவாளியை நனைத்து வாயில் வைக்கும் வரை அவன் ஒரு சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருக்கட்டும்.